போர்நிறுத்தத் தாளில் எழுதாமல் விட்டதை வாசிப்பது எப்படி: சூடான் பேச்சுகளைப் பின்தொடரும் கொழும்பு வாசகருக்கு

2023 ஏப்ரல் 15 அன்று சூடானின் தலைநகர் கார்ட்டூமில் தொடங்கிய போரை நிறுத்தவென்று சவூதியின் ஜெத்தாவில் கூடினார்கள், ஜெனீவாவில் கூடினார்கள், பாரிஸிலும் லண்டனிலும் நியூயோர்க்கிலும் கூடினார்கள். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் நமது நாளிதழ்களிலும் இணையத்திலும் "சூடானில் போர்நிறுத்தம்" என்று ஒரு தலைப்பு வரும். சில நாளில் "போர்நிறுத்தம் முறிந்தது" என்று அடுத்தது வரும். இரண்டுக்கும் இடையில் எந்த வாசகம் எங்கே முறிந்தது என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்து அலையும் நாட்டைப் பற்றித் தமிழில் இவ்வளவுதான் சொல்கிறோம் என்பது பெரிய குறை.

இந்தக் குறிப்புகள் செய்தி மேசையில் இரவுப் பணி பார்ப்பவர்களுக்கும், உயர்தர வகுப்பில் அரசறிவியல் கற்பிப்பவர்களுக்கும், வெளிநாட்டு ஆவணங்களைத் தமிழாக்குபவர்களுக்கும் உரியவை. சர்வதேச உறவுகளில் பட்டம் தேவையில்லை. அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையிலான 2002 போர்நிறுத்த உடன்படிக்கையின் கீழ் ஆறு வருடம் வாழ்ந்த நமக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும். சோதனைச் சாவடி, உயர் பாதுகாப்பு வலயம், கண்காணிப்புக் குழு, பாதை திறப்பு, பாதை மூடல் எல்லாம் நம் வாயில் புழங்கிய சொற்கள்தான். அந்த அனுபவத்தைக் கருவியாக்கிச் சூடான் ஆவணங்களை வாசிக்கலாம்.

கையில் வேண்டியவை மூன்று: ஒரு சி.ஆர். கொப்பி, சூடானின் மாநில எல்லைகள் தெரியும் வரைபடம், மூல ஆவணம். கொப்பியின் பக்கத்தை நடுவே கோடிட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் "எழுதியிருப்பது", வலப்பக்கம் "எழுதாமல் விட்டது". வேலை முழுவதும் வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. போர்நிறுத்தங்கள் எழுதிய வரியில் முறிவதைவிட எழுதாத வரியில்தான் அதிகம் முறிகின்றன.

தரப்புகள், தாளின் வகை

மோதுபவர்கள் யார் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். ஒரு பக்கம் அப்தெல் ஃபத்தா அல் புர்ஹான் தலைமையிலான சூடான் இராணுவம். மறுபக்கம் ஹெமெட்டி என்று அறியப்படும் முகம்மது ஹம்தான் டகாலோவின் துரித ஆதரவுப் படை என்ற துணை இராணுவம். 2021 ஒக்டோபர் 25 இராணுவப் புரட்சியில் இருவரும் ஒரே பக்கம் நின்றவர்கள். இதை எழுதாவிட்டால் "அரசும் கிளர்ச்சியாளரும்" என்ற நமது பழக்கமான சட்டகத்துக்குள் வாசகர் இதைப் போட்டுவிடுவார். இது அந்தச் சட்டகத்துக்குள் அடங்காத போர்.

அடுத்தது, கையில் இருப்பது எந்த வகைத் தாள்? இரு தரப்பும் கையெழுத்திட்ட உடன்படிக்கையா, அனுசரணை வழங்கும் நாடுகள் தாமே வெளியிட்ட அறிக்கையா, ஒரு தரப்பு மட்டும் "ஏற்கிறோம்" என்று சொன்ன வீடியோவா? 2025 செப்டெம்பர் 12 அன்று அமெரிக்கா, சவூதி அரேபியா, எகிப்து, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய நான்கும் வெளியிட்ட திட்டம் இரண்டாம் வகை. மூன்று மாத மனிதாபிமான இடைநிறுத்தம், பிறகு நிரந்தரப் போர்நிறுத்தம், அதன்பின் ஒன்பது மாத அரசியல் மாற்றம் என்று அதில் இருந்தது. போரிடும் இருவரில் ஒருவரின் கையெழுத்தும் அதில் இல்லை. அதைப் "போர்நிறுத்த உடன்படிக்கை" என்று எழுதுவது பிழை.

சொல்லைத் தேர்ந்தெடுப்பது

தமிழில் எல்லாவற்றுக்கும் "போர்நிறுத்தம்" என்று ஒரே சொல்லைப் போடுவதுதான் நமது பக்கங்களில் அதிகம் நடக்கும் தவறு. மூன்று நிலைகள் உண்டு, மூன்றுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும்.

சில நாட்களுக்கோ சில வாரங்களுக்கோ சுடுவதை நிறுத்தி உணவும் மருந்தும் போக விடுவது "மனிதாபிமான இடைநிறுத்தம்". எவரும் நின்ற இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். அதற்கு மேல் "மோதல் நிறுத்தம்": தாக்குதலை நிறுத்துகிறோம் என்ற வாக்குறுதி இருக்கும், ஆனால் வரைபடமும் எல்லைக்கோடும் பெரும்பாலும் இருக்காது. இரு தரப்பின் நிலைகள், இடையிலான தூரம், கண்காணிப்பவர், முறைப்பாடு செய்யும் வழி எல்லாம் எழுதப்பட்டதுதான் முழுமையான "போர்நிறுத்தம்". 2002 பெப்ரவரி உடன்படிக்கை இந்த மூன்றாம் வகை. முன்னரங்க நிலைகளுக்கு இடையே குறைந்தது 600 மீற்றர் இடைவெளி இருக்க வேண்டும் என்று அதன் 1.4ஆம் பிரிவு சொன்னது. சூடானில் இந்தப் போர் தொடங்கியபின் அப்படி மீற்றர் கணக்குக்கு வந்த உடன்படிக்கையை இரு தரப்பும் எட்டவில்லை. எனவே "மனிதாபிமான இடைநிறுத்தம்" என்று எழுத வேண்டிய இடத்தில் "போர்நிறுத்தம்" என்று எழுதினால், இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறோம்.

இதே கவனம் "அனுசரணை", "மத்தியஸ்தம்" இரண்டிலும் வேண்டும். நமது பேச்சில் நோர்வேயின் பங்கை அனுசரணை என்றுதான் நாம் எழுதினோம், காரணத்தோடுதான் எழுதினோம். அனுசரணையாளர் மேசை போடுவார், செய்தி காவுவார், வரைவு எழுத உதவுவார்; தீர்ப்புச் சொல்ல மாட்டார். ஜெத்தாவில் அமெரிக்காவும் சவூதியும் தம்மை அழைத்துக்கொண்டதும் அப்படித்தான்.

கடிகாரம்

ஆவணத்தில் உள்ள எல்லாத் திகதிகளையும் நேரங்களையும் ஒரே இடத்தில் எழுதிக் கொழும்பு நேரத்துக்கு மாற்றுங்கள். கார்ட்டூம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது. நியூயோர்க் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் பின்னால். அங்கே காலை 10 மணிக்குக் கூடும் பாதுகாப்புச் சபைக் கூட்டம் இங்கே கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. பிற்பகல் 3 மணிக் கூட்டம் என்றால் இங்கே நள்ளிரவு கடந்துவிடும், திகதியே மாறும். செய்தியில் திகதி பிழைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஜெத்தாக் குறுங்கால உடன்படிக்கையை மாதிரியாக எடுப்போம். 2023 மே 20 அன்று கையெழுத்தானது. மே 22 இரவு 9.45க்கு, கார்ட்டூம் நேரப்படி, நடைமுறைக்கு வந்தது. கொழும்பில் அப்போது மே 23 அதிகாலை 1.15. ஏழு நாட்களுக்கென்று எழுதி, பின்னர் ஐந்து நாட்கள் நீடித்தார்கள். மே 31 அன்று இராணுவம் பேச்சிலிருந்து தன் பங்கேற்பை இடைநிறுத்தியது.

இதில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கையெழுத்துக்கும் நடைமுறைக்கும் இடையில் என்ன நடக்கும்? அந்த 48 மணித்தியாலம் கட்டளை கடைசிச் சிப்பாய் வரை போய்ச் சேரத் தேவை. ஆனால் அதே நேரம்தான் கோடு உறையுமுன் இன்னும் ஒரு பாலம், இன்னும் ஒரு தெரு என்று பிடிக்க ஓடும் நேரமும். நமது 2002 உடன்படிக்கைக்கு இந்தச் சிக்கல் வரவில்லை. 2001 டிசம்பர் 24இலிருந்து விடுதலைப் புலிகள் ஒருதலைப்பட்சமாகச் சுடுவதை நிறுத்தியிருந்தார்கள். அரசும் அதற்கு இணங்கி நிறுத்தியிருந்தது. துப்பாக்கி ஏற்கெனவே அமைதியான பிறகுதான் தாள் வந்தது. சூடானில் தாள் முதலில் வந்தது, துப்பாக்கி ஓயவேயில்லை.

அடுத்தது, கால அளவு. ஏழு நாள் இடைநிறுத்தத்தில் எந்தத் தளபதியும் ஆட்களைப் பின்வாங்கச் செய்ய மாட்டார். எரிபொருளும் தோட்டாவும் நிரப்புவார். மூன்று மாதம் என்றால் அறுவடையோ ஒரு மழைக்காலமோ அதற்குள் அடங்குகிறதா என்று பாருங்கள். சூடானில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழை. நாட்டின் மேற்கிலுள்ள டார்ஃபூரின் மண் பாதைகளை ஆற்றுப் படுகைகள் வெட்டிவிடும். மழை மாதத்தில் தொடங்கும் இடைநிறுத்தத்தால் லொறிக்குக் கிடைக்கும் பயன் அரைவாசிதான்.

கடைசியாக முடிவு. எப்படி முடியும் என்று எழுதியிருக்கிறதா? 2002 உடன்படிக்கையில் 14 நாள் முன்னறிவித்தல் என்று 4.4ஆம் பிரிவு சொன்னது. 2008 ஜனவரி 2 அன்று அரசு அறிவித்தது, ஜனவரி 16 அன்று முடிந்தது. கசப்பான முடிவுதான். என்றாலும் கண்காணிப்பாளர்களும் உதவி நிறுவனங்களும் வெளியேற அந்த 14 நாள் இருந்தது. நாள் எண்ணிக்கை தீர்ந்ததும் தானாக அவிந்துபோகும் தாளில் அந்த அவகாசம் கூடக் கிடையாது.

ஒரு தரப்பு "ஏற்கிறோம்" என்று சொன்ன திகதியைப் போர்க்களத் திகதியோடு சேர்த்து எழுதுவதை வழக்கமாக்குங்கள். துரித ஆதரவுப் படை நான்கு நாடுகளின் இடைநிறுத்தத்தை ஏற்பதாகச் சொன்னது 2025 நவம்பர் 6. ஐந்நூறு நாளுக்கும் மேல் முற்றுகையிட்ட, டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரை அது கைப்பற்றியது ஒக்டோபர் 26. இடையில் 11 நாள். எல் ஃபாஷரில் கொல்லப்பட்ட மக்களைப் பற்றிய செய்திகளும் படங்களும் உலகெங்கும் போய்க்கொண்டிருந்த 11 நாள் அவை. திகதிகளை அருகருகே வைத்தாலே வாசகருக்கு விளங்கும். விமர்சன வரி தனியாக எழுத வேண்டியதில்லை.

யார் எங்கே நிற்கிறார்

2023 மே 11 அன்று இரு தரப்பும் ஜெத்தாவில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்திட்டன. மருத்துவமனைகள், நீர், மின் நிலையங்கள் போன்ற பொது, தனியார் இடங்களை விட்டு வெளியேறுவோம், அவற்றைப் படைத் தேவைக்குப் பயன்படுத்த மாட்டோம் என்பது அதில் ஒரு கடப்பாடு. இதை இடப்பக்கம் எழுதுங்கள். இனி வலப்பக்கம்: எந்தத் திகதிக்குள்? எந்த மருத்துவமனை முதலில்? வெளியேறியதை யார் வந்து பார்ப்பார்? வெளியேறிய இடத்துக்குள் மற்றத் தரப்பு வரலாமா? நான்குக்கும் பதில் இல்லை.

அந்த நான்கு வெற்றிடங்களும் இன்றுவரை பேச்சைத் தடுக்கின்றன. மக்களின் வீடுகளை விட்டுத் துரித ஆதரவுப் படை வெளியேறினால்தான் அடுத்த பேச்சு என்று இராணுவம் சொல்லும்போது காட்டுவது இந்தப் பிரகடனத்தைத்தான். வெளியேறினால் அந்த வீதிக்குள் இராணுவம் வந்துவிடும் என்பது மறுதரப்பின் கணக்கு. தெல்லிப்பழையில், பலாலியில் வீட்டை உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் விட்டு வந்தவர்களுக்கு இந்த இழுபறியை விளக்கத் தேவையில்லை. வெளியேற்றம் என்று ஒரு ஆவணம் சொன்னால் இடம், வரிசை, திகதி, சாட்சி நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அதே பிரகடனத்தில் இன்னொரு வரி முக்கியம். இதில் கையெழுத்திடுவதால் எந்தத் தரப்பின் சட்ட, பாதுகாப்பு, அரசியல் நிலையும் மாறாது, எந்த அரசியல் பேச்சோடும் இது தொடுக்கப்படாது என்பது அந்த வரி. அந்த வரி இல்லாவிட்டால் கையெழுத்தே கிடைத்திருக்காது. அந்த வரி இருப்பதால் கையெழுத்துக்குப் பின் எங்கே போவது என்ற பாதையும் இல்லை.

கண்காணிப்பவர்

அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. செய்திகளில் மிகக் குறைவாக வருவதும் இதுவே.

மே 20 ஜெத்தா உடன்படிக்கை ஒரு கண்காணிப்பு, ஒருங்கிணைப்புக் குழுவை அமைத்தது. அமெரிக்காவிலிருந்து மூவர், சவூதியிலிருந்து மூவர், ஒவ்வொரு தரப்பிலிருந்தும் மும்மூவர், ஆக 12 பேர். வாசிக்கும்போது ஒழுங்காகத்தான் தெரியும். வலப்பக்கத்தில் கேள்விகளை அடுக்கிப் பாருங்கள். குழு எங்கே உட்கார்ந்திருக்கிறது? ஜெத்தாவில், செங்கடலுக்கு அப்பால். கார்ட்டூமுக்கு மறுகரையிலுள்ள ஒம்துர்மானில் ஷெல் விழுந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று குழியைப் பார்க்க யார் போவார்? ஒருவரும் இல்லை. பாதி உறுப்பினர்கள் மோதுபவர்களே என்றால் "மீறல்" என்ற முடிவை எப்படி எடுப்பார்கள்? முடிவை வெளியிடுவார்களா? வெளியிட்டால் மீறியவருக்கு என்ன நடக்கும்? அமெரிக்கா ஜூன் 1 அன்று இரு தரப்பையும் சார்ந்த நான்கு நிறுவனங்கள் மீது தடை விதித்தது. அது குழுவின் தீர்ப்பால் வந்ததல்ல, ஒரு நாட்டின் தனி முடிவு.

ஒப்பிடுவதற்கு நம்மிடமே ஒன்று இருக்கிறது. இலங்கைப் போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவில் நோர்வே, சுவீடன், டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து ஆகிய ஐந்து நாட்டவர் இருந்தார்கள். கொழும்பில் தலைமையகம், வடக்கு கிழக்கில் மாவட்ட அலுவலகங்கள். ஆயுதம் இல்லை. மக்கள் நடந்து போய் முறைப்பாடு எழுதிக் கொடுக்க முடிந்தது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இருந்தது, தண்டிக்கும் அதிகாரம் இல்லை. கடல் அதன் பெரிய ஓட்டை. கடற்புலிகளுக்குக் கடலில் என்ன இடம் என்பதை உடன்படிக்கை தெளிவாக எழுதவில்லை. 2003இல் கடலில் நடந்த மோதல்கள் பேச்சுமேசையையே உலுக்கின. 2006இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைத் தடைசெய்ததும், ஒன்றியத்தில் அங்கம் வகித்த மூன்று நாட்டவரும் போக வேண்டும் என்று புலிகள் கேட்டார்கள். நோர்வேயும் ஐஸ்லாந்தும் எஞ்சின. போர் திரும்பி வந்துகொண்டிருந்த மாதங்களில், கண்கள் மிக அதிகமாகத் தேவைப்பட்டபோது, கண்கள் குறைந்தன. ஆகவே சூடான் ஆவணத்தில் கண்காணிப்பு நாடுகளின் பட்டியலைக் கண்டால், அந்த நாடு நாளை ஒரு தரப்பைத் தடைசெய்தால் என்ன ஆகும் என்று கேட்டுக் குறித்து வையுங்கள்.

சரியாக நடந்த உதாரணமும் சூடானிலேயே, முந்திய உள்நாட்டுப் போரில், உண்டு. 2002 ஜனவரி 19 அன்று சுவிற்சர்லாந்தின் பூர்கன்ஸ்டொக்கில் நூபா மலைப் பகுதிக்கென்று தனிப் போர்நிறுத்தம் ஒன்று கையெழுத்தானது. நமது உடன்படிக்கைக்கு ஒரு மாதம் முந்தியது. ஆறு மாதத்துக்கென்று எழுதி, மீண்டும் மீண்டும் நீடித்து, 2005 ஜனவரி 9 முழுமையான சமாதான உடன்படிக்கை வரை தாக்குப்பிடித்தது. அதன் கூட்டு இராணுவ ஆணைக்குழுவில் அரசாங்கத்தின் ஆள், கிளர்ச்சியாளரின் ஆள், வெளிநாட்டுக் கண்காணிப்பாளர் மூவரும் ஒரே குழுவாகச் சென்று பார்த்தார்கள். முறைப்பாட்டை மூவரும் ஒன்றாக நின்று பார்த்தபின் மறுப்பது கடினம். பரப்பும் சிறியது. முழுச் சூடானுக்கும் ஒரே நாளில் போர்நிறுத்தம் கேட்பதைவிட ஒரு மலை, ஒரு நகரம், ஒரு வீதி என்று தொடங்குவது வேலை செய்யக்கூடும் என்பதற்கு எங்கள் கையில் இருக்கும் நல்ல சான்று இதுதான்.

இப்போது ஐ.நா.வின் கண் அங்கே இல்லை. சூடான் அதிகாரிகள் கேட்டுக்கொண்டதன் பேரில் பாதுகாப்புச் சபை 2023 டிசம்பர் 1 அன்று 2715ஆம் தீர்மானத்தால் அங்கிருந்த ஐ.நா. அரசியல் பணியகத்தின் ஆணையை முடித்தது. "ஐ.நா. கண்காணிக்கும்" என்று எவராவது எழுதினால், யாரைக் கொண்டு என்று கேளுங்கள்.

அறைக்குள் யார், வெளியே யார்

2006 மே 5 அன்று நைஜீரியாவின் அபூஜாவில் டார்ஃபூர் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானபோது கிளர்ச்சிக் குழுக்களில் மின்னி மின்னாவியின் பிரிவு மட்டுமே கையெழுத்திட்டது. மற்றவர்கள் வெளியே நின்றார்கள், போர் தொடர்ந்தது. ஜெத்தாவில் இரு படைகள் மட்டும் இருந்தன. 2019 ஏப்ரலில் ஒமர் அல் பஷீர் விழக் காரணமான வீதிப் போராட்டக்காரர்களுக்கு அங்கே கதிரை இல்லை. நமது 2002-2003 பேச்சில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டும் என்ற கோரிக்கை ஏன் எழுந்தது, அது நிறைவேறாதது கிழக்கில் என்ன செய்தது என்பதை அறிந்தவர்கள் இந்தக் கேள்வியைத் தவறவிட மாட்டார்கள்.

மேசைக்கு அப்பால் இருக்கும் நாடுகளையும் எழுதுங்கள். துரித ஆதரவுப் படைக்கு ஐக்கிய அரபு அமீரகம் ஆயுதம் கொடுக்கிறது என்பது சூடான் அரசின் குற்றச்சாட்டு; அமீரகம் அதை மறுக்கிறது. சூடான் அதைச் சர்வதேச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2025 மே 5 அன்று தனக்கு நியாயாதிக்கம் இல்லையென்று நீதிமன்றம் வழக்கை நீக்கியது. குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்ற கேள்விக்குள் நீதிமன்றம் போகவேயில்லை. "அமீரகம் வென்றது" என்ற தலைப்பு அதனால் தவறான எண்ணத்தைத் தரும். எகிப்தோ சூடான் இராணுவத்தோடு நெருக்கம். 2025 ஏப்ரல் 15 லண்டன் மாநாட்டில் எகிப்து, சவூதி, அமீரகம் மூன்றுக்குள்ளும் இணக்கம் வராததால் கூட்டறிக்கையே வரவில்லை. நடத்தியவர்களின் இணைத்தலைவர் அறிக்கை மட்டும் வந்தது. ஒரு மாநாடு முடிந்ததும் வந்த தாள் "கூட்டறிக்கை"யா "இணைத்தலைவர் அறிக்கை"யா என்று முதலில் பாருங்கள். இரண்டாவது என்றால் உள்ளே சண்டை என்று பொருள்.

பாதுகாப்புச் சபையின் வினைச்சொற்கள்

தீர்மானத்தில் எண்ணிட்ட பத்திகளின் முதல் வினைச்சொல்லைப் பாருங்கள். "கவலை தெரிவிக்கிறது" என்றால் எவரையும் கட்டாது. "அழைப்பு விடுக்கிறது" வேண்டுகோள். "வலியுறுத்திக் கோருகிறது" கடுமையானது. "தீர்மானிக்கிறது" என்று வந்தால்தான் தடை, ஆணை போன்றவை பிறக்கின்றன.

2024 மார்ச் 8இன் 2724ஆம் தீர்மானம் ரமழான் மாதத்தில் மோதலை நிறுத்த அழைப்பு விடுத்தது. 14 வாக்கு ஆதரவு, ரஷ்யா வாக்களிக்கவில்லை. சண்டை நிற்கவில்லை. 2024 ஜூன் 13இன் 2736ஆம் தீர்மானம் எல் ஃபாஷர் முற்றுகையை நிறுத்துமாறு துரித ஆதரவுப் படையிடம் வலியுறுத்திக் கோரியது. நிறுத்தாவிட்டால் என்ன என்பது வலப்பக்கத்தில் வெற்றிடமாகவே இருந்தது. பதினாறு மாதத்தில் நகரம் விழுந்தது. 2024 நவம்பர் 18 அன்று பிரித்தானியாவும் சியரா லியோனும் கொண்டுவந்த வரைவை ரஷ்யா வீட்டோ செய்தது. ஆயுதத் தடையைப் பற்றி எழுதும்போது ஒரு சொல்லை விட்டுவிடாதீர்கள்: 2004இலும் 2005இலும் வந்த அந்தத் தடை டார்ஃபூருக்கு மட்டும். சூடான் முழுவதற்கும் அல்ல.

உதவிக் கணக்கு

உதவி அறிவிப்புகளை எண்ணால் சோதிக்கலாம், பெரிய கணிதம் தேவையில்லை. ஒருவருக்கு நாளுக்கு 2,100 கலோரி என்பது அவசரகால உணவின் அளவுகோல். தானியம், பருப்பு, எண்ணெய், உப்பு எல்லாம் சேர்த்து அது சுமார் 550 கிராம். ஒரு இலட்சம் பேருக்கு நாளுக்கு 55 தொன், மாதத்துக்கு 1,650 தொன். 30 தொன் ஏற்றும் லொறியில் மாதம் 55 லொறி. ஐந்து இலட்சம் பேர் இருக்கும் முகாமுக்கு 275. "15 லொறிகள் எல்லையைக் கடந்தன" என்ற செய்தி வந்தால் வகுத்துப் பாருங்கள். அந்த முகாமில் எத்தனை நாள் அடுப்பெரியும் என்று தெரிந்துவிடும். நீருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லீற்றர்.

பிறகு பாதை. சாட் நாட்டிலிருந்து மேற்கு டார்ஃபூருக்குள் நுழையும் அத்ரே கடவையை 2024 பெப்ரவரியில் சூடான் அரசு மூடியது. ஓகஸ்ட் 15 அன்று மூன்று மாதத்துக்குத் திறப்பதாக அறிவித்தது. இராணுவம் வராமலேயே ஜெனீவாவில் நடந்த பேச்சின் உருப்படியான பலன் இது. பின்னர் அது நீடிக்கப்பட்டது. ஏ9 வீதி 2002இல் திறந்தபோதும் 2006 ஓகஸ்டில் மூடியபோதும் யாழ்ப்பாணத்தில் அரிசி விலைக்கு என்ன ஆனது என்பது நினைவிருக்கும். கடவை திறந்தது என்பதோடு நிறுத்தாதீர்கள். அனுமதிப் பத்திரத்தை ஒவ்வொரு லொறிக்கும் யார் கொடுக்கிறார்? இராணுவத் தரப்பு அரசின் மனிதாபிமான உதவி ஆணைக்குழுவிடம் ஒன்று, துரித ஆதரவுப் படைப் பகுதியில் அதன் சொந்த நிவாரண அமைப்பிடம் இன்னொன்று. கடவை திறந்தும் லொறி நிற்பது இந்த இரண்டுக்கும் நடுவில்தான்.

பணத்துக்கு மூன்று சொல்: வாக்குறுதி, ஒதுக்கீடு, கொடுப்பனவு. 2024 ஏப்ரல் 15 பாரிஸில் 200 கோடி யூரோவுக்கு மேல் என்று சொன்னது வாக்குறுதி. 2003 ஜூனில் டோக்கியோவில் நமக்குச் சொன்ன 450 கோடி டொலரும் அப்படித்தான், பேச்சின் முன்னேற்றத்தோடு கட்டப்பட்டிருந்தது. 2025க்கு ஐ.நா. சூடானுக்குக் கேட்டது 420 கோடி டொலர், சுமார் 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு. ஆளுக்கு வருடத்துக்கு 200 டொலர். அதில் எத்தனை வீதம் வந்தது என்பதை ஐ.நா.வின் நிதிக் கண்காணிப்புப் பக்கம் நாளாந்தம் காட்டுகிறது. செய்தி எழுதும் நாளில் பார்த்து எழுதுங்கள்.

"பஞ்சம்" என்ற சொல்லையும் எண்ணோடு பிடியுங்கள். ஐந்து வீட்டில் ஒன்றுக்கு உணவு அறவே இல்லை, பிள்ளைகளில் 30 வீதத்தினருக்குக் கடும் போசாக்கின்மை, பத்தாயிரம் பேரில் நாளுக்கு இருவர் பட்டினியாலோ அதோடு சேர்ந்த நோயாலோ சாவு. இந்த எல்லையைத் தாண்டும்போதுதான் அந்தச் சொல். எல் ஃபாஷருக்கு அருகே இடம்பெயர்ந்தோர் தங்கிய ஸம்ஸம் முகாமில் பஞ்சம் என்று 2024 ஓகஸ்ட் 1 அன்று அறிவித்தார்கள். அது முன்னெச்சரிக்கை அல்ல. அறிவிக்கும் நாளில் பிள்ளைகள் ஏற்கெனவே இறந்துகொண்டிருக்கிறார்கள்.

மீறல் செய்தியும் முடிவு நாளும்

"இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம்சாட்டின" என்ற வரியோடு விட்டுவிடாதீர்கள். இடம், நேரம், ஆயுதம் மூன்றையும் தேடுங்கள். போரின் தொடக்க மாதங்களில் போர்விமானம் இராணுவத்திடம் மட்டுமே இருந்தது. ஆகவே வான்தாக்குதல் என்றால் கேள்வி யாரிடம் என்று தெரியும். பின்னர் இரு தரப்பிடமும் ட்ரோன்கள் வந்ததால் அந்தக் குறுக்குவழி இப்போது செல்லாது. எல் ஃபாஷர் போன்ற இடங்களின் செய்மதிப் படங்களை யேல் பல்கலைக்கழகத்தின் மனிதாபிமான ஆய்வகம் வாசித்து வெளியிடுகிறது; திகதியோடு எடுத்தாளலாம். ஒரு நகரிலிருந்து செய்தியே வரவில்லை என்றால் அமைதி என்று எழுதாதீர்கள். 2024 பெப்ரவரியில் சூடானின் பெரும்பகுதியில் தொலைபேசி வலையமைப்பே அணைந்து கிடந்தது. தொடர்பு அறுந்ததா என்று முதலில் பாருங்கள். வன்னியிலிருந்து அழைப்பு வராத நாட்கள் அமைதியான நாட்களாக இருக்கவில்லை.

முடிவுத் திகதியைக் கொப்பியில் வட்டமிட்டு, அதற்கு மூன்று நாள் முன்னால் ஒரு குறி போடுங்கள். அந்த மூன்று நாளில் நீடிப்புப் பேச்சு பற்றி எதுவும் வரவில்லையானால் அதையே செய்தியாக எழுதலாம். முடியும் இரவில் முதலில் இரு தரப்பின் அறிக்கைகள், பிறகு அனுசரணை நாடுகளின் அறிக்கை, பிறகு கடவையில் லொறி ஓடுகிறதா என்ற உதவி நிறுவனங்களின் குறிப்பு என்ற வரிசையில் பாருங்கள். அறிக்கைகள் "நீடித்தோம்" என்று சொல்லி, லொறி அத்ரேயில் நின்றால், தலைப்பில் லொறியைப் போடுங்கள்.